ஈரத்தைச் செதுக்கியவர்கள்

மரக்கட்டையில் படத்தைச் செதுக்கித் தாளில் அச்சிடும் சீன மரச்செதுக்குக் கலையைப் பற்றிப் பேச்சு வந்தால் சிலர் ஒரு குறை சொல்வார்கள். படித்தவர்களின் ஓவியம் உள்ளே வந்த பிறகு உளிக்கென்று இருந்த அழுத்தம் போய்விட்டது, தூரிகைக்கு நகலெடுத்துக் கொடுக்கிற வேலையாகச் சுருங்கிவிட்டது என்று. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

அறிஞர் ஓவியம் என்பது சீனாவில் படித்தவர்கள் தங்கள் மனநிறைவுக்காகவும் நண்பர்களுக்காகவும் வரைந்தது. மூங்கில், பிளம் பூ, ஆர்க்கிட், பாறை இவைதான் அடிக்கடி வரும். நிறைய வெற்றிடம், ஓரத்தில் ஒரு கவிதை, ஒரு சிவப்பு முத்திரை. மை தாளில் ஊறிப் பரவுவதில்தான் அதன் உயிரே இருக்கிறது. சரி, கட்டையில் கோட்டை வெட்டலாம். ஈரத்தை எப்படி வெட்டுவது?

மிங் ஆட்சியின் கடைசிக் காலத்தில் நாஞ்சிங் நகரில் ஹூ ஜெங்யான் என்ற ஓவியரும் பதிப்பாளருமானவர் இதில் இறங்கினார். வீட்டு முன்னால் பத்து மூங்கில் வளர்த்ததால் அவர் அச்சுக்கூடத்துக்கே 'பத்து மூங்கில்' என்று பெயர். அங்கிருந்து 1633இல் வந்த ஓவியத் தொகுப்பில் எட்டுப் பகுதிகள் உண்டு. அதிலுள்ள ஒரு இலையை மட்டும் உற்றுப் பாருங்கள். அடியில் அடர்த்தியாகத் தொடங்கும் நிறம் நுனிக்குப் போகப் போகக் கரைந்துவிடுகிறது. சில படங்களில் கறுப்பு எல்லைக்கோடே கிடையாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கட்டை. அச்சிடுகிறவர் கட்டையில் நீர்வண்ணம் பூசி, வெளிற வேண்டிய இடத்தில் துடைத்தெடுத்து, தாளைப் போட்டு முதுகில் தேய்ப்பார். ஒவ்வொரு தாளுக்கும் இதே பாடு. அதனால் ஒரே கட்டையில் எடுத்த இரண்டு படங்கள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. இதை நகல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று. ஹூ தன் செதுக்குக்காரர்களைக் கூலியாட்களாக நடத்தவில்லை, காலையும் மாலையும் அவர்களோடு உட்கார்ந்து நுணுக்கங்களைப் பேசினார் என்று அவர் காலத்தவரே எழுதியிருக்கிறார்கள். ஓவியர் ஆணையிட, உளி கைகட்டி நின்ற கதை இல்லை இது.

அப்புறம், இந்தக் கலை யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1679இல் நாஞ்சிங்கில் 'கடுகு விதைத் தோட்டம்' என்ற ஓவியக் கையேடு கட்டையச்சில் வந்தது. மரத்தை இப்படி வரை, பாறையை இப்படி வரை என்று படிப்படியாகக் காட்டும் புத்தகம். செல்வர் வீட்டுப் பெட்டிகளில் சுருட்டி வைத்திருந்த ஓவியங்களைக் கண்ணால் பார்க்க வழியே இல்லாதவர்களுக்கும் அந்தக் கைவழக்கம் இதன் வழியாகக் கிடைத்தது. இரு நூற்றாண்டு கழித்து, ஹூனான் மாகாணத்தில் மரச்சாமான்களில் பூவேலை செதுக்கிப் பிழைத்த ஓர் இளைஞர், வேலைக்குப் போன வீட்டில் அதன் பிரதி ஒன்றைப் பார்த்தார். இரவல் வாங்கி வந்து, பகல் வேலை முடிந்த பின் இரவிரவாக மெல்லிய தாளில் ஒவ்வொரு படமாகப் பிரதியெடுத்தார். அவர்தான் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஓவியர் சீ பைஷி. மையின் ஈரத்திலேயே அவர் உயிர் கொடுத்த இறால்களை, பெய்ஜிங்கின் ரோங்பாவ்ஜாய் அச்சுக்கூடத்தில் மறுபடியும் கட்டையில் செதுக்கி அச்சிட்டார்கள்.