பல்லுக்கு உண்டு, கர்ப்பப்பைக்குக் கிடையாதா?

பல் பிடுங்கப் போனால் ஈறில் ஊசி போட்டு மரத்துப்போக வைக்காமல் எந்த டாக்டரும் குறடைக் கையில் எடுப்பதில்லை. கர்ப்பப்பை வாயை இடுக்கியால் பிடித்து, உள்ளே குழாய் விட்டுச் சதை எடுக்கும்போது மட்டும் “அஞ்சு நிமிஷ வேலைதான், பொறுத்துக்கோங்க” என்கிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. காப்பர்-டி, சோதனைக்குச் சதை எடுக்கும் பயாப்ஸி, கேமராக் குழாயை உள்ளே விட்டுக் கர்ப்பப்பையைப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பி எல்லாம் பெரும்பாலும் ஓ.பி.யிலேயே முடித்து அனுப்பும் வேலைகள். அட்மிஷன் இல்லை, முழு மயக்கம் இல்லை, அது நல்லதுதான். அதற்காக வலிக்கு ஒன்றுமே தர வேண்டாமா?

குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் இருக்கும் என் மைனிக்கு (அண்ணிக்கு), தீட்டு நின்று சில வருஷம் கழித்து மறுபடி ரத்தம் பட்டது. கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம், சோதித்தே ஆக வேண்டும். நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் உள்சுவரிலிருந்து சதை எடுக்கப் படுக்க வைத்தார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். மைனி அலறியதும் சிஸ்டரின் குரல் கேட்டது: “ரெண்டு பிள்ளை பெத்தவங்கதானே, இதுக்குப் போயி இப்படிச் சத்தம் போடலாமா?” வெளியே வந்தபோது முகம் வெளுத்து, சேலை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்த்திருந்தது. கர்ப்பப்பை வாயை இழுத்துப் பிடித்தால் சிலருக்கு நாடியும் பிரஷரும் சட்டென்று இறங்கும், மயங்கிக்கூட விழலாம். கொஞ்ச நேரம் படுத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லக்கூட ஆளில்லை. அப்படியே பஸ் ஏறினோம்.

அப்புறம் போன் வந்தது, எடுத்த சதை போதவில்லையாம், திரும்ப வரணுமாம். மைனி சொன்ன பதில்: “புத்துநோய் இருந்தா இருந்துட்டுப் போகட்டும் மக்கா, அந்த மேசையில நான் இனி ஏற மாட்டேன்.” மாதக்கணக்கில் அசையவே இல்லை. எனக்குக் கோபமே இதில்தான். வலிக்குப் பயந்து ஒருத்தி சோதனையை விட்டுவிட்டால், அந்த அஞ்சு நிமிஷத்தில் யாருக்கு என்ன மிச்சம்?

பிள்ளை பெற்ற கணக்கும் இங்கே செல்லாது. பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் மணிக்கணக்கில் மெல்ல மெல்லத் திறக்கிறது. தீட்டு நின்றபின் அது சுருங்கி இறுகிவிடும். சுகப்பிரசவமே ஆகாதவர்களுக்கும் வலி கூடுதலாக இருக்கலாம்.

கடைசியில் வேறொரு டாக்டரிடம் கெஞ்சிக் கூட்டிப்போனோம். அவர் முதலில் வலியைப் பற்றித்தான் பேசினார். ஒரு மணி நேரம் முன்னாடி மாத்திரை, கர்ப்பப்பை வாயைச் சுற்றி, மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஊசி. ஊசியே கொஞ்சம் சுருக்கென்றிருக்கும் என்றும், கர்ப்பப்பையின் மேல்பகுதிக்கு நரம்பு முதுகுத்தண்டின் வேறு இடத்திலிருந்து வருவதால் அந்த வலி முழுசாகப் போகாது என்றும் ஒளிக்காமல் சொன்னார். அவர் சொன்னபடியே இருந்தது. வலித்தது, ஆனால் தாங்கும் வலி. புற்றுநோய் இல்லை, வெறும் பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சிதான் என்று முடிவும் வந்தது.

லிக்னோகெய்ன் ஒன்றும் கிடைக்காத சரக்கு இல்லை. விலை குறைவு, இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஹிஸ்டரோஸ்கோப்பிக்கு முன்பே வலியைப் பற்றிப் பேசி, மயக்க மருந்து உட்பட எல்லா வழிகளையும் சொல்ல வேண்டும் என்கிறது. பாதியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்தவும் வேண்டும். காப்பர்-டி போடும் முன் எல்லாரிடமும் வலி பற்றிப் பேசுங்கள் என்று அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. 2024-இல் சொன்னது. அங்கே இருப்பதும் இதே உடம்புதான். அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் நம் மாவட்டத்து நர்ஸ் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஓ.பி.யில் கூட்டம் அலைமோதுவது எனக்குத் தெரியும். ஊசி போட்டுச் சில நிமிஷம் காத்திருந்தால் வரிசை நீளும், சரி. ஆனால் பயந்து இறுகிப்போன உடம்போடு போராடுவதற்கும், போதாத சதைக்காக மறுபடி கூப்பிடுவதற்கும் ஆகிற நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

போகிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்: “டாக்டர், மரத்துப்போற ஊசி உண்டா? முன்னாடியே மாத்திரை போட்டுட்டு வரலாமா?” அல்சர், கிட்னி, ஆஸ்துமா இருந்தால் சொல்லிவிடுங்கள், எல்லா வலி மாத்திரையும் எல்லாருக்கும் ஆகாது. துணைக்கு ஆள் இல்லாமல் போகாதீர்கள். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் நான் கேட்பது, தேதி எழுதித் தரும் சீட்டில் இரண்டு வரி அச்சடியுங்கள்: வலி குறைக்க என்னென்ன உண்டு, வேண்டுமென்றால் யாரிடம் சொல்ல வேண்டும்.