பாசி மாத்திரை ஓட்டத்தைக் கூட்டுமா? – உண்மை விளக்கம்
"நம் கடற்பாசியில் செய்த ஸ்பைருலினா மாத்திரையை ஒரு மாதம் சாப்பிட்டால், பயிற்சி இல்லாமலே 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடிவிடலாம்" என்று, காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகும் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களான மண்டபம், பாம்பன் இளைஞர்களிடையே வாட்ஸ்ஆப்பில் ஒரு தகவல் சுற்றி வருகிறது. இது உண்மையல்ல.

இங்குள்ள பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி, அகர் என்னும் கூழ்மப் பொருள் தயாரிக்கப் போகிறது. ஸ்பைருலினாவோ தொட்டிகளில் வளர்க்கப்படும் நுண்ணுயிர். அந்தப் பெண்களின் உழைப்பைக் காட்டி மாத்திரை விற்பது வருத்தத்துக்குரியது.

ஓட்டத்தில் தாக்குப்பிடிக்கும் திறன், இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது, அதிலுள்ள ஹீமோகுளோபின் எவ்வளவு ஆக்சிஜனைச் சுமக்கிறது, தசைச் செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா அதை எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறது என்பவற்றைப் பொறுத்தது. வாரக்கணக்கில் ஓடிப் பழகினால்தான் இவை மேம்படும். இரும்புச்சத்துக் குறைபாடு உள்ளவருக்கு, குறிப்பாக இளம்பெண்களுக்கு, மருத்துவர் தரும் இரும்பு மாத்திரை ஓட்டத்துக்கும் உதவும். குறைபாடு இல்லாதவர் தாமாக வாங்கி விழுங்கினால் தீங்கே நேரலாம். புரத மாவு தசையைச் சீர்செய்யும் உணவு, அவ்வளவே. கிரியேட்டின் என்னும் துணைச்சத்துப் பொடி சில நொடி வேகத்துக்கு உதவினாலும், தசையில் நீரைத் தேக்கி எடையைச் சற்றுக் கூட்டும்.

7 நிமிடம் என்றால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 112 நொடி. அலை வடிந்து மணல் இறுகிக் கிடக்கும் விடியற்காலையில், வாரம் நான்கு நாள் படிப்படியாகத் தூரத்தைக் கூட்டி ஓடினால் அந்த வேகம் கைகூடும்.