அமெரிக்கா அட்டை, சீனா கணக்கு, நடுவுல நம்ம

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி போட்டுக் குடுக்கிற சின்ன யூனிட் நம்மளது. 2021 ஆரம்பத்துல கிராஃப்ட் ரீல், அதான் பெட்டி பண்ற பழுப்புப் பேப்பர் சுருள், அதோட விலை ஏறுன ஏத்தத்த இன்னும் மறக்க முடியல, காலைல ஒரு ரேட்டு சாயங்காலம் ஒரு ரேட்டு, மில்லுக்கு போன் போட்டா "சரக்கு இல்லீங்ணா, சைனாவுக்கு லோடு போகுது"ங்கறாங்க. நம்மூர் பேப்பர் சைனாவுக்கு எதுக்குய்யா போகுதுன்னு அன்னைக்குத்தான் தோண்ட ஆரம்பிச்சேன்.

பேப்பர் பண்ண கத்துக்குடுத்ததே சீனாதான். கி.பி. 105ல சாய் லுன்ங்கிற அரண்மனை அதிகாரி கந்தல் துணி, பழைய மீன்வலை, மரப்பட்டை எல்லாம் போட்டு அரைச்சு செஞ்சாருன்னு சொல்லுவாங்க. ஆனா அந்த சீனாகிட்டயே பெட்டிக்குத் தேவையான நல்ல நார் இல்ல. அமெரிக்காகிட்ட இருந்துச்சு, பைன் மரத்து நீள நார், ஒருவாட்டி பெட்டியாகி குப்பைக்குப் போனாலும் வலு போகாது.

சாங் யின்னு ஒரு அம்மா. 1990ல லாஸ் ஏஞ்சல்ஸ் போய் உக்காந்து அங்க தூக்கிப்போடுற அட்டைய வாங்கி சீனாவுக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க. சீனாவுல இருந்து பொம்மை, டிவின்னு ஏத்திட்டு அமெரிக்கா போன கண்டெய்னர் எல்லாம் சும்மா திரும்புது, அதனால வாடகை கம்மி. 1995ல நைன் டிராகன்ஸ்னு சீனாவுல டோங்குவான்ல பேப்பர் மில்லு, 2006ல சீனாவோட பணக்காரங்க லிஸ்ட்ல மொத இடம். குப்பைய வித்தவனுக்குக் குப்பை விலை, அதையே பெட்டியாக்கி சரக்கப் போட்டு திருப்பி அனுப்புனவனுக்கு லாபம். மரம் வச்சிருக்கவன் கையில இந்த யாவாரம் இல்லீங்க, பெட்டிக்குள்ள போட சரக்கு வச்சிருக்கவன் கையிலதான் இருக்கு.

அப்புறம் 2018ல சீன அரசாங்கம் வெளிநாட்டுல இருந்து தரம் பிரிக்காத கலப்புப் பேப்பர் வேண்டாம், மத்ததுலயும் அழுக்கு 0.5 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னாங்க, 2021 ஜனவரியில வேஸ்ட் பேப்பரே உள்ள வரக்கூடாதுன்னு மொத்தமா அடைச்சுட்டாங்க. சுற்றுச்சூழல் அக்கறைன்னு பாராட்டுறவங்க பாராட்டட்டும். நைன் டிராகன்ஸ் என்ன பண்ணாங்க தெரியுமா, 2018லயே அமெரிக்காவுல மெய்ன், விஸ்கான்சின் பக்கம் பழைய மில்லுகள வாங்கிட்டாங்க! குப்பைக்குத்தான தடை, அத அங்கயே அரைச்சு அனுப்புற கூழுக்கு இல்லையே.

மிச்ச குப்பை இந்தியா பக்கம் திரும்புச்சு. ஒரு மில் யார்டுல அமெரிக்க பேல் (அழுத்திக் கட்டுன அட்டைக் கட்டு) ஒண்ணு பிரிக்கிறத பக்கத்துல நின்னு பாத்தேன், அட்டைக்கு நடுவுல பிளாஸ்டிக் பாட்டில், குழந்தையோட ஒத்த செருப்பு, எண்ணெய் ஊறுன பீட்சா டப்பா. இதை நம்ம ஆளுங்க பொறுக்கி, நம்ம தண்ணியில ஊறவச்சு, அரைச்சு, ரீலாக்கி சைனாவுக்கு அனுப்ப, அவங்க அதத் திருப்பி கரைச்சு பெட்டி பண்ணாங்க. சுத்தமான நாரு அங்க, கழிவுச் சகதி இங்க. ஏற்றுமதி கூடிருச்சுன்னு அப்ப சந்தோஷப்பட்டவங்க இந்தச் சகதிய எந்தக் கணக்குல எழுதுனாங்களோ.

என்னைக் கேட்டா நம்மூர் அட்டைய ஒழுங்கா சேர்த்தாலே பாதி தலைவலி போகும். அதுல இருக்கறது குட்டை நாரு, அரைக்க அரைக்க இன்னும் குட்டையாகும், வாஸ்தவம்தான், எக்ஸ்போர்ட் பெட்டிக்கு 22 பிஎஃப் (பேப்பர் கிழியாம தாங்குற வலுவோட அளவு) கேக்கறப்ப அத மட்டும் வச்சு ஓட்ட முடியாது. ஆனா பெட்டி அட்டைக்கு நடுவுல அலை அலையா வர்ற நெளிவுப் பேப்பருக்குத் தாராளமா ஆகும். அதுக்கு மொதல்ல பழைய பேப்பர் கடையில எடைக்காக அட்டைமேல தண்ணி தெளிக்கிறத நிறுத்தணும், போன மாசம் ஒரு லோடு அட்டை எடுத்து மில்லுக்கு அனுப்புனேன், ஈரத்துக்குன்னு கழிச்சு பாதிக் காசுதான் கைக்கு வந்துச்சு.