ஐ.எஸ்.எஸ்.என். தரச்சான்று இல்லை

"ஐ.எஸ்.எஸ்.என். இருந்தால் அங்கீகாரம் பெற்ற ஆய்விதழ்தான், பயப்படாமல் கட்டுரை வெளியிடக் காசைக் கட்டுங்கோ" என்று மேலே உள்ள பதிவில் எழுதியிருக்கிறீங்கள். அது பிழை அண்ணா. ஐ.எஸ்.எஸ்.என். என்பது இதழ்களுக்குக் கொடுக்கிற 8 இலக்க எண், இதழை அடையாளம் காண மட்டும்தான். சமையல் சஞ்சிகைக்கும் கிடைக்கும். கொடுப்பவர்கள் உள்ளே இருப்பதன் தரத்தைப் பார்ப்பதேயில்லை.

வெள்ளவத்தையில் என்னோடு படித்த பிள்ளை இதை நம்பித்தான் காசு கட்டினாள். மூன்றாம் நாளே ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல். மதிப்பீட்டாளர் குறிப்பு இரண்டே வரி: "நல்ல கட்டுரை. எழுத்துப்பிழை பார்க்கவும்." அட்டவணையில் கிடந்த கூட்டல் பிழை அப்படியே வெளிவந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறக் கேட்டதற்கும் காசு கேட்டார்கள். அழுதழுதுதான் எனக்குச் சொன்னாள்.

அனுப்ப முதல் ஆசிரியர் குழுவில் ஒருவருக்கு நேரே எழுதிக் கேளுங்கோ. தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்களும் உண்டு. திறந்த அணுக்க இதழென்றால், அதாவது யாரும் இணையத்தில் இலவசமாக வாசிக்கக்கூடிய இதழென்றால், அப்படிப்பட்ட இதழ்களுக்கான டி.ஓ.ஏ.ஜே. (DOAJ) என்ற இணையப் பட்டியலிலும் தேடுங்கோ, அங்கே மதிப்பீட்டு முறையைப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள்.