ஒன்றரை ஜிபி முறைப்பாசனம்

(நீடாமங்கலம் கடைத்தெருவில் ஒரு ரீசார்ஜ் கடை. உள்ளே நித்யா. வெளியே ஸ்டூலில், ஓய்வு பெற்ற லஸ்கர் (பாசன மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) கோவிந்தசாமி. ஊருக்குப் பக்கத்தில் ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பில் பல வருடம் ஷட்டர் ஏற்றி இறக்கியவர். மதகில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பியவரும் அவரேதான்.)

கோவிந்தசாமி: நித்யா, திருட்டுப் புகார் எழுத வேண்டும். ஒரு வெள்ளைத்தாள் கொடு.

நித்யா: உட்காருங்கள் பெரியப்பா. என்ன களவு போயிற்று?

கோவிந்தசாமி: ஒன்றரை ஜிபி.

நித்யா: எப்போது?

கோவிந்தசாமி: தினமும். விடியற்காலையில் நிறைய இருக்கிறது. சாயங்காலம் எடுத்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஒரு படம்கூடத் திறப்பதில்லை. நடுவில் எவனோ உடைப்பு எடுக்கிறான்.

நித்யா: யார் மேலாவது சந்தேகமா?

கோவிந்தசாமி: அடுத்த வீட்டுப் பையன்தான். எப்போது பார்த்தாலும் போனும் கையுமாக என் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறான்.

நித்யா: சுவரில் சாய்ந்தால் டேட்டா வராது பெரியப்பா.

கோவிந்தசாமி: கசிவு என்று ஒன்று இருக்கிறதே அம்மா!

நித்யா: (போனை வாங்கிப் பார்த்து) ஹாட்ஸ்பாட் அணைந்துதான் இருக்கிறது. பையன் நிரபராதி. பாதி தீர்ந்ததும் ஒரு குறுஞ்செய்தி வருமே, 90 சதவீதத்தில் இன்னொன்று வருமே, படிப்பதில்லையா?

கோவிந்தசாமி: ஆங்கிலத்தில் வருவதெல்லாம் கடன் வேண்டுமா என்று கேட்பதுதானே? உடனுக்குடன் அழித்துவிடுவேன்.

நித்யா: சரிதான். உங்கள் திட்டத்தில் ஒன்றரை ஜிபி தீர்ந்தால் அடியோடு நின்றுவிடாது. வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். அதாவது விநாடிக்கு 8 கிலோபைட். ஒரு எம்பி வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

கோவிந்தசாமி: கடைமடை.

நித்யா: கடைமடையேதான். எந்தச் செயலி எவ்வளவு குடித்தது என்று போனுக்குள்ளேயே கணக்கு இருக்கிறது, பாருங்கள். யூடியூப் முதலிடம். அடுத்து ஃபேஸ்புக். அதற்கு அடுத்து வாட்ஸாப்.

கோவிந்தசாமி: மூன்று பேரா! கூட்டுக் கொள்ளை! முதல் ஆள் மேல் பொய்க் கேஸ் அம்மா. யூடியூபில் நான் படமே பார்ப்பதில்லை. மதியம் சாப்பிட்டதும் நாதஸ்வரம் போட்டுவிட்டுப் படுப்பேன், அவ்வளவுதான்.

நித்யா: அப்போது போன் எங்கே இருக்கும்?

கோவிந்தசாமி: வெளிச்சம் கண்ணில் படும் என்று பாயில் கவிழ்த்துவிடுவேன்.

நித்யா: 1080 தரத்தில் வைத்திருக்கிறீர்கள். மணிக்கு ஒரு ஜிபிக்கு மேல் போகும். வித்வானின் கடுக்கனில் எத்தனை கல் என்று எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவான படம். அதை உங்கள் பாய் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கோவிந்தசாமி: பாய்க்கு என்ன தெரியும்?

நித்யா: நானும் அதைத்தான் கேட்கிறேன். கச்சேரி ஆரம்பித்ததும் படத்தை 144-க்கு இறக்கிவிடுங்கள். சுமாராகப் பத்தில் ஒரு பங்குதான் செலவாகும்.

கோவிந்தசாமி: தவில் சத்தம் அடிபடாதே?

நித்யா: படம்தான் கட்டம் கட்டமாகத் தெரியும். இந்தப் போனில் வருகிற சத்தத்துக்கு உங்கள் காதுக்கு வித்தியாசம் தெரியாது. நீங்கள் தூங்கிய பிறகு என்ன ஓடுகிறது?

கோவிந்தசாமி: விழித்துப் பார்த்தால் யாரோ ஒருவர் கோழிப்பண்ணைக்கு மானியம் வாங்குவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் முட்டைகூடச் சாப்பிடுவதில்லை.

நித்யா: அடுத்த வீடியோ தானாக ஓடுவதையும் அணைத்துவிட்டேன். ஃபேஸ்புக்கில் என்ன பார்ப்பீர்கள்?

கோவிந்தசாமி: ஒன்றும் பார்ப்பதில்லை. விரலால் தள்ளிக்கொண்டே போவேன்.

நித்யா: தள்ளும்போதே வீடியோ ஓட ஆரம்பித்துவிடும். எதிலும் நிற்கவே மாட்டீர்களா?

கோவிந்தசாமி: (கொஞ்சம் தயங்கி) காட்டுக்குள் ஓர் ஆள் வெறும் குச்சியை வைத்துக்கொண்டு நீச்சல் குளம் வெட்டுகிறான். அதில் மட்டும் நிற்பேன். கரையை ஒழுங்காகப் பிடித்திருக்கிறானா என்று பார்க்க வேண்டாமா?

நித்யா: எத்தனை குளம் பார்த்திருப்பீர்கள்?

கோவிந்தசாமி: அவன் வெட்டியது அத்தனையும். ஒன்றிலாவது வடிகால் வைத்திருக்க வேண்டுமே! கேட்க ஆள் இல்லை.

(ஃபேஸ்புக்கின் அமைப்புகளில் ‘மீடியா’ என்ற இடத்தில் வீடியோ தானாக ஓடலாமா, வைஃபையில் மட்டும் ஓடலாமா, ஓடவே கூடாதா என்று கேட்டிருக்கும். நித்யா மூன்றாவதைத் தொடுகிறாள். குளம் வெட்டுகிறவன் குச்சியை ஓங்கியபடி உறைந்து நிற்கிறான்.)

கோவிந்தசாமி: ஐயோ பாவம், அடிக்க விடு அம்மா.

நித்யா: நீங்கள் தொட்டால் அடிப்பான். வாட்ஸாப்புக்கு வருவோம். மொபைல் டேட்டாவில் எதெது தானாக இறங்கலாம் என்ற இடத்தில் படம், ஆடியோ, வீடியோ, ஆவணம் நான்குக்கும் டிக் விழுந்திருக்கிறது. யார் செய்த வேலை?

கோவிந்தசாமி: பேரன். கோடை விடுமுறைக்கு வந்தபோது, “தாத்தா, இனிமேல் நீங்கள் எதையும் தொடவே வேண்டாம்” என்றான். பாசத்தில் சொல்கிறான் என்று நினைத்தேன்.

நித்யா: நான்கையும் எடுத்துவிட்டேன். ஓய்வூதியர் குழுவிலிருந்து வரும் ரோஜாப்பூ இனிமேல் மங்கலாகத்தான் தெரியும். வேண்டுமென்றால் தொடுங்கள், இறங்கும்.

கோவிந்தசாமி: மங்கலாக இருந்தாலும் காலை வணக்கம் என்று தெரியும்தானே?

நித்யா: காலையில் வந்தால் காலை வணக்கம், ராத்திரி வந்தால் இரவு வணக்கம்.

கோவிந்தசாமி: அப்படியானால் தொடவே வேண்டாம். என் மச்சான் பேசி அனுப்புகிறானே, அது?

நித்யா: குரல் செய்தி மட்டும் எதை எடுத்தாலும் தானாக இறங்கிவிடும். வாட்ஸாப்பில் அதை நிறுத்த வழியில்லை.

கோவிந்தசாமி: அவனை நேரிலேயே நிறுத்த வழியில்லை.

நித்யா: அதற்கு டேட்டா அதிகம் ஆகாது, கவலைப்படாதீர்கள். கோயம்புத்தூர் அக்காவோடு வீடியோவில் பேசுகிறீர்களே, அழைப்புக்குக் குறைந்த டேட்டா போதும் என்று அதையும் மாற்றிவிட்டேன்.

கோவிந்தசாமி: என் முகம் சரியாகத் தெரியாமல் போய்விடாதே?

நித்யா: இவ்வளவு நாளும் அக்காவுக்குத் தெரிந்தது உங்கள் வீட்டு மின்விசிறிதான் பெரியப்பா.

(போனுக்கே உரிய டேட்டா சேமிப்பானையும் போட்டுவிட்டாள். திரைக்குப் பின்னால் எந்தச் செயலியும் சொல்லாமல் கொள்ளாமல் குடிக்க முடியாது. விஷயம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆயுள் முழுக்கச் சிக்கனமாக இருந்த மனிதரிடம் மிச்சத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நித்யா யோசிக்கவில்லை. அடுத்த வாரம் கோவிந்தசாமி மறுபடி வருகிறார். கண்கள் மிளகாய்ப்பழம்.)

நித்யா: என்ன பெரியப்பா, மறுபடியும் தீர்ந்துவிடுகிறதா?

கோவிந்தசாமி: தீரவில்லை. அதுதான் புகார்.

நித்யா: தீராவிட்டால் நல்லதுதானே?

கோவிந்தசாமி: ராத்திரி பத்தரை மணிக்குப் பார்க்கிறேன், ஒன்றேகால் ஜிபி அப்படியே கிடக்கிறது. காலையில் எழுந்தால் அதைக் காணோம்.

நித்யா: 12 மணிக்குப் பழையது காலாவதி ஆகிவிடும். புதிதாக ஒன்றரை ஜிபி வரும்.

கோவிந்தசாமி: மிச்சம் எங்கே போகிறது?

நித்யா: எங்கும் போவதில்லை. இல்லாமல் போய்விடுகிறது.

கோவிந்தசாமி: அம்மாடி, மேட்டூரில் மிச்சம் பிடித்த தண்ணீர் மேட்டூரில் நிற்கும். இருப்பு இவ்வளவு, வரத்து இவ்வளவு என்று பார்த்துத்தான் ஜூன் 12-ஆம் தேதி திறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். நானே முறை வைத்துத் தண்ணீர் விட்டிருக்கிறேன். ஒரு வாய்க்காலில் வேண்டாம் என்றால் அடுத்த வாய்க்காலுக்குத் திருப்புவோம். இது என்ன பாசனம்? குடியானவன் தூங்குகிற நேரம் பார்த்துக் கடலில் திறந்துவிடுகிறான்!

நித்யா: அதற்காக நீங்கள் என்ன செய்தீர்கள்?

கோவிந்தசாமி: விடுவேனா? தினமும் பத்தரை மணிக்கு உட்கார்ந்துவிடுகிறேன். 1080-இல் நாதஸ்வரம்.

நித்யா: கவிழ்த்து வைத்தா?

கோவிந்தசாமி: நிமிர்த்தி வைத்து. காசு கொடுத்த படத்தைப் பாய்க்கு எதற்குக் காட்ட வேண்டும்? ஒவ்வொரு கீர்த்தனை முடிந்ததும் நானே தொட வேண்டியிருக்கிறது, நீதான் தானாக ஓடாமல் செய்துவிட்டாயே. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் குளம் வெட்டுகிறவனை வைத்து இறைத்துவிடுகிறேன்.

நித்யா: பேசாமல் தினம் ஒரு ஜிபி திட்டத்துக்கு மாறிவிடுங்களேன்.

கோவிந்தசாமி: அதிலும் முக்கால் ஜிபி மிஞ்சும். எனக்குத் தூக்கம்தான் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

நித்யா: அப்படியென்றால் தினக் கணக்கே இல்லாத திட்டம் இருக்கிறது. 28 நாளுக்கும் சேர்த்து இத்தனை ஜிபி என்று மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். இன்றைக்கு மிஞ்சியது நாளைக்கும் இருக்கும்.

கோவிந்தசாமி: (முகம் மலர்ந்து) அணை!

நித்யா: அணைதான்.

கோவிந்தசாமி: 28-ஆம் நாள் மிஞ்சினால்?

நித்யா: (மெதுவாக) காலாவதி.

கோவிந்தசாமி: (விரல்விட்டு எண்ணிப் பார்த்து) பரவாயில்லை. 28 நாளைக்கு ஓர் இரவு கண் விழித்தால் போதும். அதையே போடு. ஆனால் இன்றைக்கு வேண்டாம். கடைசி நாள் சிவராத்திரியில் வந்து விழுகிற மாதிரி நாள் பார்த்து ஆரம்பி. அன்றைக்கு எப்படியும் விழித்துத்தான் இருக்க வேண்டும்.