கிளவுடில் இருந்தால் பேக்கப் வேண்டாமா?

"இணையதளத்தைக் கிளவுடுக்கு மாற்றிவிட்டால் தரவு அழியவே அழியாது, தனியாக பேக்கப் (தரவின் கூடுதல் நகல்) தேவையில்லை" என்று சிறு வணிகர்களிடையே ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. நம்பி ஏமாறாதீர்கள்.

கிளவுட் என்பதும் எங்கோ ஒரு கட்டடத்தில் ஓடும் சர்வர்தான், அதாவது இணையம் வழியே நாம் பயன்படுத்தும் கணினிதான். 2021 மார்ச் 10 அன்று, நள்ளிரவு தாண்டி, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், கிளவுட் சேவை தரும் ஓவிஹெச்கிளவுட் நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பற்றியது. எஸ்பிஜி2 என்ற கட்டடம் முழுவதும் எரிந்துபோனது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. ஆனால் லட்சக்கணக்கான தளங்கள் முடங்கின. வேறு இடத்தில் நகல் வைக்காத பலருக்குத் தரவு திரும்பக் கிடைக்கவே இல்லை. ரஸ்ட் என்ற இணைய விளையாட்டின் ஐரோப்பிய சர்வர்கள் பலவற்றின் தரவும் அதோடு போனது.

சரி, பேக்கப் எடுத்தால் மட்டும் போதுமா? போதாது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுவோரின் நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை (தரவுத் தொகுப்பை) அழித்துவிட்டார். வழக்கமான பேக்கப், மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் எடுக்கப்படாமலே இருந்தது அப்போதுதான் தெரியவந்தது. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது.

உங்கள் தளத்தைப் பராமரிப்பவரிடம் இன்றே கேளுங்கள்: நகல் வேறு ஊரில் இருக்கிறதா? அதைக் கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்?