ஒரு மருத்துவச் சான்றிதழும் எட்டு வருஷமும்

ஆட்சி மாறும் நாடுகளைப் பற்றிப் பேசினால் அரசியல் சாசனம், தேர்தல், ராணுவம் எல்லாம் வரும். மருத்துவர்களைப் பதிவு செய்து, தவறினால் விசாரிக்கும் மருத்துவக் கவுன்சிலை யாரும் தொடுவதில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

1977 செப்டம்பர் முதல் வாரம். போர்ட் எலிசபெத் போலீஸ் காவலில் இருந்த, நிறவெறி ஆட்சியை எதிர்த்த கறுப்பினத் தலைவர் ஸ்டீவ் பீக்கோவுக்குத் தலையில் பலத்த அடி. பார்க்க வந்த அரசு மருத்துவர் ஐவர் லாங், உதட்டில் வெட்டும் நடையில் தள்ளாட்டமும் இருந்தும் 'கோளாறு எதுவும் இல்லை' என்று சான்றிதழ் எழுதினார். முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதித்தபோது, மூளைக் காயத்தைச் சந்தேகிக்க வைக்கும் சிவப்பணுக்கள் தெரிந்தன. மருத்துவக் குறிப்பில் அது 'சாதாரணம்' ஆனது. பிரிட்டோரியாவுக்குச் சாலை வழியே கொண்டுபோகலாம் என்று சம்மதித்தவர் லாங்கின் மேலதிகாரி பெஞ்சமின் டக்கர். லேண்ட்ரோவரின் பின்பக்கத்தில் நிர்வாணமாக, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கூடவே மருத்துவ அறிக்கை போகவில்லை. பிரிட்டோரியா மருத்துவர் டிரிப்பும் வைட்டமின் ஊசியும் போட்டார். வேறென்ன செய்வார்? 12ஆம் தேதி பீக்கோ இறந்தார்.

1980இல் மருத்துவக் கவுன்சில், விசாரிக்க முகாந்திரமே இல்லை என்றது. பிரான்சிஸ் ஏம்ஸ், பிலிப் டோபியாஸ், யூசுப் வெரியாவா போன்ற மருத்துவர்கள் நீதிமன்றம் போய்த்தான் 1985இல் விசாரணை நடந்தது. லாங்குக்குக் கண்டனம். டக்கருக்கு மூன்று மாதத் தடை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்த பிறகே அந்த வருஷம் பதிவேட்டிலிருந்து டக்கரின் பெயரை நீக்கினார்கள்.

நிறவெறி ஆட்சி போய் வந்த புதிய ஆட்சியில் நல்ல சட்டங்கள் வந்தன, மறுக்கவில்லை. 1996 அரசியல் சாசனத்தின் 12ஆம் பிரிவு, விவரமறிந்த ஒப்புதல் இல்லாமல் யார்மீதும் மருத்துவ ஆய்வுச் சோதனை கூடாது என்கிறது. 2003 தேசிய சுகாதாரச் சட்டம் ஆய்வு நெறிமுறைக் கவுன்சிலை அமைத்தது. ஆனால் இவை ஆய்வுக்கூடத்துக்கான வேலி. லாக்கப்பில் காயத்தை எழுதும் மருத்துவரின் சிக்கல் வேறு: போலீஸ்காரர் பக்கத்தில் நிற்க, அவர் எதிர்பார்க்கும் வார்த்தையை எழுதச் சொல்லும் நெருக்கடி.

என் கருத்தில் முதலில் மாற்ற வேண்டியது சம்பளமும் இடமாற்றமும் யார் கையில் என்பதை. சிறை மருத்துவர் சுகாதாரத் துறையின் கீழ் வரட்டும். பரிசோதனை அறையில் காவலர் இருக்கக்கூடாது என்று சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான ஐ.நா. வழிகாட்டியான 1999இன் இஸ்தான்புல் நெறிமுறை சொல்கிறது. காயங்களை உடல் வரைபடத்தில் குறிக்கவும் படமெடுக்கவும் கேட்கிறது. வேறு ஊருக்கு மாற்றினால் குறிப்பின் நகல் நோயாளியோடு போக வேண்டும், இன்னொரு நகல் வக்கீலிடம்.

அப்புறம் அந்த மருத்துவக் கவுன்சில். 1980இல் கோப்பை மூடியது யார் யார் கையெழுத்தில் என்று கேட்பதுதான் எனக்குப் பெரிய வேலையாகப் படுகிறது. இரண்டு மருத்துவர்களின் பெயர் உலகத்துக்கே தெரியும். கோப்பை மூடியவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?